காகிதக் கொக்கும் கர்மயோகமும்

தானத்தைப் பற்றிச் சாஸ்திரங்களில் படிக்கும்போது நம் மனம் பெரும்பாலும் பொன், பூமி, பசு, அன்னம் என்ற வரிசையிலேயே செல்கிறது. ஒரு சதுரத் துண்டுக் காகிதம் அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆயினும் காகிதத்தை மடித்துக் கொக்கு செய்வதும், அதன் வாயிலாகப் பேரிடரில் துன்புற்றவர்களுக்கு நிதி திரட்டுவதும் இன்று உலகின் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டன. நம் நாட்டிலும் ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமா தினத்தை ஒட்டிப் பள்ளிக் குழந்தைகள் கொக்கு மடிக்கிறார்கள். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் இளைஞர் குழுக்கள் இதை நிதி திரட்டும் வழியாகவும் மேற்கொள்கின்றன. இச்செயல் வெறும் உணர்ச்சிப் பெருக்கா, அல்லது சாதகனுக்கு இதில் கற்கவேண்டிய பாடம் ஏதேனும் உண்டா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் 'ட்ஸுரு' என்று அழைக்கும் பறவை நம் வயல்வெளிகளில் நிற்கும் வெண்கொக்கு அன்று; உயர்ந்த கால்களும் நீண்ட கழுத்தும் உடைய பெருங்கொக்கு இனத்தைச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் சிறு உறுத்தல் உண்டு. ஆனால் 'காகிதக் கொக்கு' என்ற சொல் தமிழில் ஊன்றிவிட்டது. அதையே இங்கும் கொள்கிறேன். பின்னால் நம் நாட்டுக் கொக்குக் கதை ஒன்றும் வர இருப்பதால் இச்சொல் நமக்குப் பொருத்தமாகவே அமைகிறது.

ஆயிரம் கொக்குகள்

கொக்கு ஆயிரம் ஆண்டுகள் வாழும் என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. ஆகவே ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்து நூலில் கோத்து, நோயாளியின் நலத்திற்காகவோ ஒரு வேண்டுதலுக்காகவோ அளிப்பது அங்கே வழக்கம். இதனைச் 'செம்பஸுரு' என்பார்கள். 1797ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் இதே பெயரைத் தாங்கிய ஒரு மடிப்புக்கலை நூல் அச்சாயிற்று. ஒரே தாளை ஆங்காங்கே வெட்டி, அலகோடு அலகும் சிறகோடு சிறகும் பிரியாமல் இணைந்த கொக்குக் கூட்டங்களை உருவாக்கும் 49 வகைகள் அதில் உள்ளன. அவற்றை வகுத்தவர் குவானா என்ற ஊரிலிருந்த கிதோ என்னும் பௌத்த குரு. விளையாட்டுக் கலை என்று நாம் நினைக்கும் ஒன்று ஓர் ஆலயத்தில் வளர்ந்திருக்கிறது.

ஆனால் உலகம் காகிதக் கொக்கை அறிந்தது வேறொரு வழியில். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி இரண்டு வயதுக் குழந்தை. வெளிக்காயம் ஏதுமின்றித் தப்பிய அக்குழந்தை நன்றாக வளர்ந்தது. பள்ளியில் அஞ்சல் ஓட்டத்தில் விரைந்து ஓடும் சிறுமி என்று பெயர் பெற்றது. பன்னிரண்டாம் வயதில், 1955 பிப்ரவரியில், இரத்தப் புற்றுநோய் என்று கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் நகோயா நகர மாணவிகள் அங்கிருந்த நோயாளிகளுக்குக் காகிதக் கொக்குகளை அனுப்பினார்கள். அவற்றைக் கண்ட சடாகோ தானும் மடிக்கத் தொடங்கினாள். நல்ல காகிதம் கிடைக்காதபோது மருந்து சுற்றிவந்த தாள்களைச் சேர்த்து வைத்து மடித்தாள்.

இக்கதை ஆங்கிலச் சிறுவர் நூல் ஒன்றின் வழியாக நம் நாட்டிலும் பரவியது. 644 கொக்குகளோடு அவள் வாழ்வு முடிந்தது, எஞ்சியவற்றைத் தோழர்கள் மடித்தார்கள் என்று அந்நூல் கூறுகிறது. நாம் பலரும் அவ்வாறே கேட்டிருக்கிறோம். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் அவளுடைய தமையனாரும் தரும் செய்தி வேறு. ஆயிரத்தை அவள் ஆகஸ்ட் முடிவதற்குள்ளாகவே எட்டிவிட்டாள். எட்டிய பிறகும் நிறுத்தவில்லை. பின்னர் மடித்தவை மேலும் மேலும் சிறியவை. விரலால் மடிக்க முடியாத அளவு சிறிய தாள்களை ஊசியின் முனையால் மடித்தாள். 1955 அக்டோபர் 25 அன்று அவள் உயிர் பிரிந்தது.

இவ்விரு கதைகளில் எது நம் சிந்தனைக்கு உகந்தது? எண்ணிக்கை நிறைவேறாமல் இறந்த குழந்தை என்பது உள்ளத்தை உருக்குகிறது. எண்ணிக்கை நிறைவேறியும் வேண்டியது கிட்டாதபோது, கையை நிறுத்தாத குழந்தை என்பதோ நம்மைத் தலைகுனிய வைக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'காம்ய கர்மமாகத் தொடங்கியது நிஷ்காம கர்மமாக முடிந்தது' என்று எழுதிவிடுவது எளிது. மேடையில் கேட்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை வாழ விரும்பியது. அந்த விருப்பத்தின்மீது நம் வேதாந்தத்தைச் சுமத்த நமக்கு எந்த உரிமையும் இல்லை.

நிதி திரட்டும் செயல் இக்கதையில் நுழைவது அதற்குப் பிறகுதான். சடாகோவின் வகுப்புத் தோழர்கள், அணுகுண்டால் இறந்த எல்லாக் குழந்தைகளுக்குமாக ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப எண்ணினார்கள். அவர்களிடம் பணம் ஏது? ஹிரோஷிமாவில் பள்ளித் தலைமையாசிரியர்களின் மாநாடு கூடியபோது வாயிலில் நின்று துண்டறிக்கைகளை விநியோகித்தார்கள். ஜப்பானின் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்தும் ஒன்பது வெளிநாடுகளிலிருந்தும் சிறுசிறு தொகைகளாக நிதி வந்து சேர்ந்தது. 1958 மே 5 அன்று, ஜப்பானில் குழந்தைகள் தினத்தன்று, அமைதிப் பூங்காவில் அந்தச் சின்னம் திறக்கப்பட்டது. அதன் அடியில் அப்போது தொங்கவிடப்பட்ட மணியை வழங்கியவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ஹிதேகி யுகாவா. அணுவின் உட்கருவை ஆராய்ந்த ஓர் அறிஞர், அணுகுண்டால் மாண்ட குழந்தைகளுக்காக மணி கொடுத்தார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது மனம் சற்று நேரம் அங்கேயே நின்றுவிடுகிறது.

மும்பை அன்பர்களுக்கு இந்த ஜப்பானியத் தொடர்பு புதிதன்று. வர்லியில் உள்ள ஜப்பானிய பௌத்த ஆலயத்தின் பறையொலியை அவ்வழியே செல்பவர்கள் கேட்டிருக்கலாம். அந்தச் சங்கத்தை நிறுவிய நிசிதத்ஸு ஃபூஜி 1933இல் வார்தாவில் மகாத்மா காந்தியைச் சந்தித்தவர். போருக்குப் பின் உலகெங்கும் அமைதித் தூபிகளை எழுப்புவதற்குத் தம் வாழ்வை அளித்தவர்.

மடிப்பும் பிரிப்பும்

இனி, செயலுக்கு வருவோம். கொக்கு மடிக்கக் கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, மறுபடியும் பாதியாக மடிக்கவேண்டும். அதன் இரு மடல்களையும் விரித்து அமுக்கினால் சிறு சதுரம் ஒன்று கிடைக்கும். திறந்த பக்கத்து ஓரங்களை நடுக்கோட்டிற்குக் கொண்டுவந்து அழுத்தித் தடம் பதித்து, பின் பிரித்து, அத்தடத்தின் வழியே மேல் தாளைத் தூக்கினால் நீண்ட சாய்சதுரமாகும், மறுபுறமும் அவ்வாறே. ஓரங்களை மீண்டும் ஒடுக்கி, கீழ்முனைகள் இரண்டையும் உட்புறமாக மேலே திருப்பினால் ஒன்று கழுத்து, ஒன்று வால். கழுத்தின் நுனியை வளைத்தால் அலகு. சிறகுகளை இறக்கினால் கொக்கு நிற்கும். முதல் மடிப்பில் மூலைகள் நூலிழை அளவு விலகினாலும் கடைசியில் அலகு கோணிக்கொள்ளும். பேசிக்கொண்டே மடிப்பவர்களின் கொக்குகளை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம்!

சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு மண்ணையும் மட்கலங்களையும் காட்டிப் பாடம் சொல்கிறார். மண் ஒன்றே, பானை, சட்டி, அகல் என்பவை பெயரும் உருவமும் மட்டுமே. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் சக்கரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம். மண் குழைகிறது, கலமாகிறது, சூளையில் வேகிறது. ஆனால் வெந்த கலம் மறுபடி பழைய மண்ணாவதில்லை. காகிதக் கொக்கில் வேறொரு நன்மை உண்டு. அதை உடைக்காமலேயே பிரித்துப் பார்க்கலாம். பிரித்ததும் கொக்கு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, காகிதத்தோடு எதுவும் கூட்டப்படவுமில்லை, அதிலிருந்து எதுவும் குறைக்கப்படவுமில்லை. அலகு, சிறகு, வால் என்று நாம் அழைத்தவையெல்லாம் காகிதமே.

பிரித்த தாளைக் கூர்ந்து நோக்கினால் இன்னொன்றும் தெரியும். தாள் வெறுமையாக இல்லை. மடிப்பின் தடங்கள் வலைபோல் படிந்திருக்கின்றன. அதே தாளை மீண்டும் மடித்தால் கை தேட வேண்டியதில்லை. தாள் தானாகவே அந்தத் தடத்தில் மடிந்துகொள்கிறது. சம்ஸ்காரம் என்று சாஸ்திரம் கூறுவதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது. செயல் முடிந்துவிடுகிறது, தடம் நிற்கிறது, அடுத்த செயலை அத்தடம் தன் வழியே இழுக்கிறது. கோபத்திற்கும் இது பொருந்தும், கொடைக்கும் பொருந்தும். வகுப்பில் இதைச் சொற்களால் விளக்குவதைவிட, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து மடிக்கவும் பிரிக்கவும் சொன்னால் போதும்.

ஒரு கேள்வி

செம்பூரில் இளைஞர்களுக்கான வகுப்பு ஒன்றில் இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது, வெள்ள நிவாரணத்திற்காகக் கொக்கு மடித்து நிதி திரட்டலாமா என்ற யோசனை எழுந்தது. எல்லோரும் உற்சாகமாயிருந்தார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அன்பர் எழுந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர்; 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று பள்ளிச் சிறுவராக இருந்தவர். அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மிட்டி ஆறு கரை மீறியது. அவர் சொன்னார்: "ஸ்வாமிஜி, எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்று நாள் கழித்து வடிந்தபோது எங்களுக்கு வேண்டியிருந்தவை குடிதண்ணீர், மண்ணெண்ணெய், ஒரு காய்ந்த பாய். அன்று யாராவது காகிதப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் என் அம்மா அதை வைத்து அடுப்பு மூட்டியிருப்பார்கள். கையில் பணம் இருப்பவர்கள் நேராகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே. நடுவில் இந்த மடிப்பு எதற்கு?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். கேள்வி மிகச் சரியான கேள்வி. ஹிரோஷிமாவை உடைய நாட்டிலேயே இக்கேள்வி எழுந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுப் பேரிடருக்குப் பின்னும், 2016இல் குமமோட்டோ நிலநடுக்கத்திற்குப் பின்னும், அன்பு மிகுந்தவர்கள் ஆயிரங்கொக்கு மாலைகளைத் துயர்ப்பகுதிகளுக்கு அனுப்புவதைப் பற்றி ஜப்பானில் விவாதம் நடந்தது. முகாமில் மனிதர் படுக்கவே இடமில்லாதபோது அவற்றை எங்கே தொங்கவிடுவது? பிறர் அன்போடு மடித்ததைக் குப்பையில் போடவும் மனம் வராது. கொடுத்தவருக்கு நிறைவு, பெற்றவருக்குச் சுமை.

பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உரிய இடம், உரிய காலம், உரிய பாத்திரம் ஆகியவற்றை அறிந்து, கைம்மாறு கருதாது, கொடுப்பது கடமை என்று கொடுப்பது சாத்துவிகம். பயனை எதிர்நோக்கியோ மனவருத்தத்தோடோ கொடுப்பது ராஜசம். இடமும் காலமும் பாத்திரமும் பொருந்தாமல், மதிப்பின்றிக் கொடுப்பது தாமசம். நாம் சாத்துவிக தானத்தைப் பற்றிப் பேசும்போது கைம்மாறு கருதாமை என்ற பகுதியைப் பெரிதும் விரித்துரைக்கிறோம். இடம், காலம், பாத்திரம் என்ற மூன்றையும் ஏதோ பழைய சடங்கு விதிகள் என்று கடந்துவிடுகிறோம். முகாமில் குவியும் கொக்குகள் அவற்றின் பொருளை நமக்கு விளக்குகின்றன. எதிர்பார்ப்பே இல்லாத தூய மனத்துடன் அனுப்பப்பட்டதும்கூட, பெறுபவரின் நிலையை எண்ணாமல் அனுப்பப்பட்டால் சாத்துவிகம் ஆகாது. திருவள்ளுவரும் ஈகை என்ற சொல்லை இல்லாதவருக்குக் கொடுப்பதற்கே உரியதாக்குகிறார்; மற்றவையெல்லாம் திரும்பப் பெறும் நோக்குடைய கொடுக்கல் என்கிறார். தன் மனநிறைவைத் திரும்பப் பெறுவதற்காகக் கொடுப்பதும் அந்தக் கொடுக்கலில்தானே சேரும்?

அப்படியானால் கொக்கு மடிப்பதை விட்டுவிடலாமா? அதற்குமுன் மற்றொரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி ஏறத்தாழ 18,500 பேர் மாண்டும் மறைந்தும் போனார்கள். அப்போது அமெரிக்காவில் மாணவர்களுக்கான ஓர் இயக்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: மாணவர்கள் மடித்து அனுப்பும் ஒவ்வொரு கொக்குக்கும் ஓர் அறக்கட்டளை இரண்டு டாலர் வழங்கும், ஓர் இலட்சம் கொக்குகள் இலக்கு. வந்து சேர்ந்தவையோ 20 இலட்சத்திற்கும் மேல். அறக்கட்டளை தன் தொகையை இரட்டித்து 4 இலட்சம் டாலராக்கியது. பெயர் கூறாத ஒருவர் மேலும் ஓர் இலட்சம் சேர்த்தார். பணம் மறுகட்டுமானப் பணிக்குச் சென்றது. கொக்குகள் ஜப்பானின் முகாம்களுக்குச் செல்லவில்லை. விக் முனிஸ் என்ற பிரேசில் நாட்டுக் கலைஞர் அவற்றைக் கொண்டு மாபெரும் கொக்கு உருவம் ஒன்றை அமைத்தார்.

இங்கேயும் நம் அன்பர் விடமாட்டார். பணம்தான் அறக்கட்டளையிடம் முன்பே இருக்கிறதே. குழந்தைகள் மடித்தாலென்ன, மடிக்காவிட்டாலென்ன? உண்மை. பெறுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் மடிப்பினால் ஒரு பயனும் இல்லை. கொடுப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் இடம் விளங்கும். பத்து வயதுக் குழந்தையிடம் பணம் இல்லை. தந்தையின் பையிலிருந்து எடுத்து உண்டியலில் போடும் ரூபாயில் அக்குழந்தையின் பங்கு ஏதுமில்லை. ஆனால் பத்துக் கொக்குகளை மடிக்க அதற்குப் பிடிக்கும் ஒரு மணி நேரம் அதற்கே சொந்தமானது. அந்த ஒரு மணி நேரம் முகமறியாத யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டு கை வேலை செய்கிறது. கர்மயோகம் கூறும் சித்தசுத்தி இதுதான். அது மடிப்பவருக்கு உரியது. பணம் துன்புற்றவருக்கு உரியது. இவ்விரண்டையும் குழப்பும்போதுதான் தொல்லை வருகிறது. என் மனம் தூய்மையடைவதற்கான சாதனையை, பசித்தவனின் இலையில் நான் பரிமாறக்கூடாது.

சேற்றில் பிறந்த குழந்தை

இதுவரை கொடுப்பவர் ஒருபுறம், பெறுபவர் மறுபுறம் என்று பேசினோம். நம் நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகள் இந்தக் கோட்டையே அழித்துவிட்டன. அவற்றில் மடிக்கப்பட்டது காகிதம் அன்று, துணி.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர். புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. ஓணம் பண்டிகைக்கென நெய்து அடுக்கியிருந்த சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் ஊறின. தறிகள் சிதைந்தன. கறைபடிந்த சேலையை யார் வாங்குவார்கள்? எரித்துவிடுவது ஒன்றே வழி என்று நெசவாளர்கள் நினைத்தபோது லக்ஷ்மி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் வேறொன்றை யோசித்தார்கள். அத்துணிகளை நன்கு கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக்கி, மடித்துக் கட்டி, சின்னஞ்சிறு பொம்மைகள் செய்தார்கள். கறையை மறைக்கவில்லை, பொம்மையின் முகத்திலும் ஆடையிலும் அது தெரிந்தது. 'சேக்குட்டி' என்று பெயரிட்டார்கள். சேறு என்ற சொல் மலையாளத்திலும் தமிழிலும் ஒன்றே. சேற்றை வென்ற குட்டி. ஏறத்தாழ 1,300 ரூபாய் விலையுள்ள ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள். பொம்மை ஒன்று 25 ரூபாய். வீணான ஒரு சேலை 9,000 ரூபாய் ஆயிற்று! பல ஊர்களிலும் தன்னார்வலர்கள் துணியை வாங்கிச் சென்று பொம்மை கட்டினார்கள். பணம் நெசவாளர்களுக்குச் சென்று தறிகள் மீண்டும் ஓட உதவியது.

கணக்கைப் பாருங்கள். 1,300க்கும் 9,000க்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து அன்று, கைகளிலிருந்து வந்தது. வெள்ளம் வராத ஊர்களில் மாலை வேளைகளில் அமர்ந்து முடிச்சுப் போட்டவர்களின் நேரம்தான் அந்த 7,700 ரூபாய். தாராவி அன்பரின் கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடையை நான் கண்டதில்லை. இங்கே மடிப்பு வீணான சடங்கு அன்று. மடிப்பே பணமாக மாறியது. அதைப் பெற்ற நெசவாளரும் கையேந்தி நிற்கவில்லை. அவர் நெய்த துணிதான் விலைபோயிற்று.

அதற்கும் முன்னர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லில் உமா பிரஜாபதி தம் ஆடை வடிவமைப்புக் கூடத்தின் மூலம் தொடங்கிய 'சுனாமிகா' இன்னும் ஒரு படி மேலே சென்றது. கரையோர மீனவக் குடும்பத்துப் பெண்களில் பலர் கடலைப் பார்க்கவே அஞ்சிக்கொண்டிருந்த காலம். தையற்கூடங்களில் மிஞ்சிய துணித் துண்டுகளைக் கொண்டு கட்டைவிரல் அளவே உள்ள பொம்மைகளைச் செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். செய்தவர்களுக்கு ஊதியம் உண்டு. ஆனால் பொம்மைக்கு விலை இல்லை; அது விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகவே வழங்கப்படும். பெற்றவர் மனமுவந்து அளிப்பதைக் கொண்டு அடுத்த பொம்மைகள் உருவாகும். இவ்வாறு பல இலட்சம் பொம்மைகள் எத்தனையோ நாடுகளுக்குச் சென்றன. பேரலையில் எல்லாவற்றையும் இழந்த பெண், முகமறியாத ஒருவருக்குப் பரிசளிப்பவள் ஆகிறாள். பெறுபவர் என்ற நிலையில் மட்டுமே ஒருவரை நெடுநாள் நிறுத்திவைப்பது அவருடைய ஆத்ம கௌரவத்திற்குச் செய்யும் தீங்கு. சேவையில் ஈடுபடும் நாம் இதைப் பலமுறை மறந்துவிடுகிறோம்.

இப்போது நம் பழைய கொக்கிடம் வருவோம். மகாபாரத வனபர்வத்தில் கௌசிகன் என்ற அந்தணன் மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருக்கிறான். மேலிருந்த கொக்கு எச்சமிடுகிறது. அவன் சினந்து நோக்க, கொக்கு எரிந்து வீழ்கிறது. பின்னர் ஒரு வீட்டு வாயிலில் பிச்சைக்காக நிற்கிறான். இல்லத்தரசி கணவனுக்குப் பணிவிடை செய்துவிட்டுத் தாமதமாக வருகிறாள். அவன் சினக்க, அவளோ தான் கொக்கு அன்று என்கிறாள். 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்று தமிழ்நாட்டில் பழமொழியாக வழங்கும் கதை இதுவே. அவள் அவனை மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம் அனுப்புகிறாள். காட்டில் கண்மூடி அமர்ந்து அவன் அடையாத ஞானத்தை, அடுப்படியிலும் கடைத்தெருவிலும் கை ஓயாமல் பணியாற்றிய இருவர் அடைந்திருந்தார்கள். இக்கதையை நாம் கர்மயோகத்திற்கு உதாரணமாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் எரிந்த அந்தக் கொக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தவவலிமை என்று அவன் பெருமைப்பட்ட ஆற்றல் முதன்முதலில் செய்த வேலை, ஓர் உயிரைச் சாம்பலாக்கியதுதான். ஹிரோஷிமாவை எண்ணும்போது இந்தக் கொக்கு என் நினைவிற்கு வராமல் இருப்பதில்லை.

நடைமுறை

கொக்கு மடித்து நிதி திரட்ட விரும்பும் வகுப்புகளுக்குச் சில வார்த்தைகள். புதிய வண்ணத்தாள் வாங்கிச் செலவு செய்ய வேண்டியதில்லை; கிழித்த நாட்காட்டித் தாள், பழைய விளம்பரத்தாள் ஆகியவற்றைச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். தொகை வழங்குபவர் யார், கொக்கு ஒன்றுக்கு எவ்வளவு, பணம் எந்த நிவாரண நிதிக்குச் செல்லும் என்பவற்றை முதல் தாள் மடிக்கப்படுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். எண்ணிக்கை முடிந்தவுடன் கணக்கை எல்லோரும் காணும்படி ஒட்ட வேண்டும். யார் அதிகம் மடித்தார் என்று மட்டும் எழுத வேண்டாம். ஸ்ரீராமஜெயம் எழுதும் நோட்டுப் புத்தகங்களிலேயே 'நான் இத்தனை இலட்சம்' என்ற எண்ணம் எவ்வாறு புகுந்துவிடுகிறது என்பது நமக்குத் தெரியும். கொக்குகளைத் துயர்ப்பகுதிக்கு எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம்.

பின் அவற்றை என்ன செய்வது? மாட்டுங்காவில் ஒரு மூதாட்டி இதைத்தான் கேட்டார்: "இவ்வளவு பிரார்த்தனையோடு செய்ததைத் தூக்கிப் போடலாமா?" ஹிரோஷிமாவின் சின்னத்திற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி கொக்குகள் வருகின்றன, எடை 10 டன். 2003இல் அங்கே குவிந்திருந்தவற்றுக்கு ஒரு மாணவர் தீயிட்டதில் சுமார் 1,40,000 கொக்குகள் எரிந்துபோயின. நகராட்சி அவற்றைச் சேமித்து வைக்க இடமின்றித் திணறியது. 2012 முதல், கேட்பவர்களுக்கு அவற்றை வழங்குகிறது. அவை கூழாக்கப்பட்டு அஞ்சலட்டைகளாகவும் குறிப்பேடுகளாகவும் மாறுகின்றன. மும்பைவாசிகளுக்கு இதில் தயக்கம் தேவையில்லை. களிமண் பிள்ளையாரை ஆவாஹனம் செய்து, பத்து நாள் உயிருள்ளவராகவே கொண்டாடி, கடைசி நாளில் கடலில் கரைக்கும் ஊர் இது. அந்த மூதாட்டியிடம் இதையே சொன்னேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக் கொக்குகள் ஒரு பையில் வந்தன. எல்லாவற்றையும் பிரித்து, தட்டையாக அடுக்கி, நூலால் கட்டியிருந்தார். ரத்திக்காரர் எடை போட வசதியாயிருக்கும் என்றார். இரண்டே கால் கிலோ இருந்தது. அந்தப் பணமும் நிவாரணக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.